நோயுற்றார் சொல்லும் உடனிருப்பார் சொல்லும்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் பயணிகள் வண்டி நெய்யாற்றின்கரையையும் அமரவிளையையும் கடந்து, தனுவச்சபுரம் என்னும் சிறிய நிலையத்தில் சற்றே நிற்கும். அடுத்த நிலையம் பாறசாலை. அதனையும் தாண்டினால் தமிழ்நாடு. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம் முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு மண்ணைப் பிரித்ததே தவிர மக்களின் நாவைப் பிரிக்கவில்லை. இங்கே தாயிடம் தமிழும், அங்காடியில் மலையாளமும் பேசுவோர் பலர். உடல் நலம் குன்றினால் இரு மொழியாரும் 'தீனம்' என்ற ஒரே சொல்லைச் சொல்லக் கேட்கலாம்.

தீனம் என்றால் சென்று சேர மருத்துவமனைகளுக்கு இப்பகுதியில் குறைவில்லை. வடக்கே 1951 இல் தோன்றிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெற்கே, 1838 இல் மருத்துவப் பணி தொடங்கிய நெய்யூர் இருக்கிறது. எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற 1922 ஆம் ஆண்டுக் குழுவில் இடம் பெற்ற டாக்டர் சாமர்வெல், மலையை விட்டு இறங்கியபின் தம் அறுவைக் கத்தியோடு பல்லாண்டு தங்கியது அந்த நெய்யூரில்தான். அவர் பெயரைத் தாங்கிய மருத்துவக் கல்லூரி ஒன்று, தனுவச்சபுரத்துக்கு அணித்தான காரக்கோணத்தில் இன்று நடைபெறுகிறது. மருத்துவர் உண்டு, மருந்தும் உண்டு. பின் குறைவது யாது? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, மருத்துவம் என்பதை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவன் என்பன அவை. இந்நான்கனுள் நோயுற்றவனை முதலில் வைத்தார். உடனிருப்பவனைத் துணைக்கூறு என்று ஒதுக்காமல் ஏனை மூன்றோடு ஒப்பவே எண்ணினார். ஆனால் நமது காலத்து மருத்துவ ஆராய்ச்சி பெரும்பாலும் நடு இரண்டையே நாடிச் சென்றது. மருந்து ஆயிரம் பேருக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. மருத்துவனின் முறை எண்ணால் அளக்கப்பட்டது. நோயுற்றவரும் உடனிருப்பவரும் அளக்கப்படும் பொருளாக இருந்தார்களே அன்றி, கேட்கப்படும் மனிதராக இருந்தது குறைவு.

ஒரு வீட்டை மனத்தில் வரைந்து பார்ப்போம். ரப்பர் மரங்களுக்கும் மரச்சீனித் தோட்டத்துக்கும் நடுவே ஓர் ஓட்டு வீடு. முன்னறைக் கட்டிலில் முதிய தாயார், முற்றிய புற்றுநோய். மகன் வெளியூரில் வேலை, மருமகள் உடனிருக்கிறார். மருத்துவமனைச் சீட்டில் நோயின் பெயர், அது எத்தனையாவது நிலை, மருந்தின் அளவு ஆகியவை உள்ளன. 'வலி எவ்வளவு? சுழியம் முதல் பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்' என்று கேட்டால் அம்மூதாட்டி 'ஏழு' என்கிறார். ஏழு என்று எழுதிக்கொள்கிறார்கள்.

அந்த ஏழுக்குள் என்ன இருக்கிறது? நள்ளிரவில் மருமகளை எழுப்ப மனமின்றி, புறக்கடைக்குப் போகவேண்டிய தேவையே வராதிருக்க மாலைக்குமேல் தண்ணீர் குடிப்பதை அவர் நிறுத்தியிருக்கலாம். அது சீட்டில் இல்லை. மருமகளோ தம் தாய்வீடு போய்ப் பல திங்கள் ஆகியிருக்கலாம். கழுத்து நகை அடகுக்கடையில் இருக்கலாம். 'இது எப்போது முடியும்' என்று ஒருநாள் விடியற்காலையில் ஒரு கணம் எண்ணிவிட்டு, அவ்வாறு எண்ணியதற்காக அன்று முழுவதும் தம்மையே நொந்துகொண்டிருக்கலாம். அதுவும் சீட்டில் இல்லை. மருமகளின் பெயரே சீட்டில் இல்லை.

இத்தகைய செய்திகளைக் கேட்டறிவதற்கென்றே வளர்ந்த ஒரு துறை உண்டு. பண்புசார் ஆய்வு என்று அதனைக் கூறுவர். எத்தனை பேர், எவ்வளவு என்பன எண்சார் ஆய்வின் கேள்விகள். எப்படி, ஏன், இது உமக்கு என்ன பொருள் தருகிறது என்பன பண்புசார் ஆய்வின் கேள்விகள். ஆய்வாளர் நோயாளியின் வீட்டுக்கே செல்கிறார். வந்த நோக்கத்தை எடுத்துரைத்து, இசைவு பெற்று அமர்கிறார். 'நோய் தொடங்கியதிலிருந்து நடந்ததைச் சொல்லுங்கள்' என்று ஒரு வாயிலைத் திறந்துவிட்டுத் தாம் பேசாதிருக்கிறார். சோர்வு கண்டால் நிறுத்துகிறார். வேறொரு நாள் வருகிறார். பேச்சு முழுவதும் ஒலிப்பதிவாகிச் சொல்லுக்குச் சொல் எழுதப்படுகிறது. ஆள் அடையாளம் நீக்கப்படுகிறது. பிறகு வரிவரியாகப் படித்து, ஒத்த கருத்துகளை ஒன்று சேர்த்து, பலர் பேச்சிலும் திரும்பத் திரும்ப வருவது எது, ஒருவர் மட்டுமே சொன்னது எது என்று பிரித்துக் காண்கிறார்கள். புதிதாகப் பேசுவோரிடமிருந்து புதிய கருத்து வராத நிலை எய்தும்போது கேட்டது போதுமென்று கொள்கிறார்கள்.

'இருபது பேர் சொன்ன கதை எப்படி ஆராய்ச்சியாகும்?' என்று நேயர்கள் வினவலாம். நியாயமான வினாவே. இருபது பேரைக் கேட்டு, நாட்டில் நூற்றுக்கு இத்தனை பேர் துன்புறுகின்றனர் என்று சொல்லுதல் பிழை. எந்த நல்ல ஆய்வாளரும் அப்படிச் சொல்லார். ஆனால் கிணற்றில் எத்தனை குடம் நீர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த நீர் உப்பா, நன்னீரா என்பது மற்றொரு கேள்வி. பின்னதற்குக் கிணறு முழுவதையும் இறைக்க வேண்டுவதில்லை. ஒரு கை நீர் போதும்; ஆயினும் வாயில் விட்டுச் சுவைத்தே ஆகவேண்டும்.

இங்ஙனம் சுவைத்துப் பார்த்தவர்களில் முன்னே நிற்பவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி. முதலில் செவிலியாகவும், பின் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன்பின் மருத்துவம் படித்தவர். 1958 முதல் லண்டனில் புனித சூசையப்பர் இல்லத்தில், இறுதிக் காலத்தை அடைந்த நோயாளிகளிடையே பணியாற்றினார். அவர்களுடைய பேச்சை ஒலிநாடாவில் பதிந்து, குறிப்புகளை நூற்றுக்கணக்காகத் திரட்டினார். முதுகில் தொடங்கிய வலி, இப்போது தன்னில் எல்லாமே கெட்டுப்போனதாகத் தோன்றச் செய்கிறது என்று ஒரு பெண்மணி அவரிடம் கூறினாராம். உடல் நோவு, மனக்கலக்கம், குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலை, 'எனக்கு ஏன் இப்படி' என்னும் உயிரின் கேள்வி ஆகிய நான்கும் பிரிக்கவொண்ணாது பின்னிக் கிடப்பதை அப்பேச்சுகளில் அவர் கண்டார். அதற்கு 'முழு வேதனை' என்று பொருள்படும் பெயரை இட்டார். 1967 இல் அவர் நிறுவிய புனித கிறிஸ்டோபர் இல்லமே நவீன நோய்த்தணிப்பு மருத்துவத்தின் தாய்வீடு எனலாம். அத்துறையின் கால்கோள் ஒரு புதிய மருந்தன்று. கேட்ட பேச்சே என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஸ்காட் மர்ரேயும் அவர் தோழர்களும் செய்த ஆய்வு 2002 இல் வெளியாயிற்று. நுரையீரல் புற்றுநோயர் 20 பேர், இதயம் செயலிழந்து வருவோர் 20 பேர், அவர்தம் உடனிருப்போர் ஆகியோரை ஒருமுறை மட்டுமன்றி, மாதங்கள் கழித்து மீண்டும் மீண்டும் சென்று கண்டார்கள். புற்றுநோயர் தம் முன்னிருப்பதை ஒருவாறு அறிந்திருந்தனர். உதவியும் ஓரளவு கிட்டியது. இதயநோயரோ மாதத்துக்கு மாதம் தேய்ந்துகொண்டே போயினர். இடையிடையே திடீரென்று மோசமாகி, மறுபடி எழுந்தனர். தமக்கு நேர்வது இன்னதென்று அவர்களில் பலர் தெளிவாக அறியவில்லை. இறுதிக்காலத் துணையெல்லாம் புற்றுநோய்க்கே உரியது என்று எண்ணியிருந்த மருத்துவ உலகை, அவர்களுடைய பேச்சு திரும்பிப் பார்க்க வைத்தது.

அதே குழுவினர் மறு ஆண்டு ஸ்காட்லாந்து நோயாளிகளின் சொல்லைக் கென்யா நாட்டு மேரு வட்டாரத்து நோயாளிகளின் சொல்லோடு ஒப்பிட்டனர். ஸ்காட்லாந்தில் வலிக்கு மருந்து இருந்தது. ஆனால் சாவை எதிர்நோக்கும் மனவேதனையே பெரிதாயிருந்தது. அதைப் பகிர ஆளில்லை. மேருவில் உறவும் அயலும் வழிபாடும் மனத்தைத் தாங்கி நின்றன. ஆனால் வலிக்கு மருந்தில்லை, கையில் காசில்லை. ஒரு நாட்டின் செல்வம் மற்றொரு நாட்டின் வறுமையாக இருந்தது. இந்த உண்மையை எந்த எண்பட்டியல் காட்டியிருக்கும்?

இனி, நம் அண்டைக்கே வருவோம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்க மருந்து மருத்துவராக இருந்த டாக்டர் எம். ஆர். இராஜகோபால் தம் இளமைக்கால நிகழ்ச்சியொன்றைப் பொதுமேடைகளில் கூறியிருக்கிறார். நாவில் புற்றுநோய் கொண்ட கல்லூரி ஆசிரியர் ஒருவர் அவரிடம் அனுப்பப்பட்டார். மருத்துவர் நரம்பில் ஊசியிட்டு வலியை நீக்கினார்; தம் கைத்திறனில் மகிழ்ந்தார். 'மறுபடி எப்போது வரவேண்டும்?' என்று நோயாளி கேட்டார். நோய் தீரக்கூடியதன்று, ஆதலால் இனி வரவேண்டியதில்லை என்ற பொருளில் மருத்துவர் விடையளித்தார். அந்த ஆசிரியரோ, நரம்பில் இட்ட ஊசியையே நோய் தீர்க்கும் சிகிச்சை என்று நம்பி வந்திருந்தவர். வீடு திரும்பினார், அன்றிரவே தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நரம்பைப் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை என்று பின்னர் வருந்தினார் அம்மருத்துவர்.

அவ்வருத்தம் வீண்போகவில்லை. 1993 இல் அவரும், டாக்டர் சுரேஷ்குமாரும், வேறு சில நண்பர்களும் கோழிக்கோட்டில் வலிதணிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். ஊர்மக்களே பயிற்சி பெற்று நோயாளிகளின் வீடு தேடிச் செல்லும் முறை மலப்புறம் முதலிய மாவட்டங்களில் வேர்கொண்டது. 2008 இல் கேரள அரசு நோய்த்தணிப்புக் கொள்கையொன்றை வகுத்தது. இந்தியாவில் இவ்வகைக் கொள்கை கண்ட முதல் மாநிலம் அதுவே. இன்று கேரளத்தில் ஊராட்சியின் ஆதரவோடு செவிலியர் வீடுதோறும் வருகின்றனர். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழுவொன்று, 2022 இல் வெளியிட்ட அறிக்கையில் கேரள முறையை உலகுக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டியது. 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தால் மார்பின் என்னும் வலிநீக்கி மருந்து கிடைப்பது அரிதாகியிருந்தது. அச்சட்டம் 2014 இல் திருத்தம் பெற்றதற்குப் பின்னும் வலியால் துடித்தோர் குரலை ஆட்சியாளர் செவிக்குக் கொண்டுசென்ற இத்தகையோரின் முயற்சி உண்டு.

ஆயினும், அந்த ஆசிரியர் தம் நோயின் உண்மையை அவ்வளவு நாளும் அறியாதிருந்தது எங்ஙனம்? இதற்கு விளக்கம் தரும் ஆய்வொன்று உண்டு. கிளேசர், ஸ்ட்ராஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியலார் இருவர் சான்பிரான்சிஸ்கோ வட்டார மருத்துவமனைகளில் நாள்தோறும் இருந்து, கண்டும் கேட்டும் எழுதிய நூல் 1965 இல் வெளிவந்தது. சாவை அணுகும் நோயாளியைச் சூழ்ந்து நான்கு வகை அறிவுநிலைகள் உள்ளன என்றனர் அவர்கள். நோயாளி ஒன்றும் அறியாதது ஒன்று. அறியாமல் ஐயுறுவது ஒன்று. இருவரும் அறிந்து மனம்விட்டுப் பேசுவது ஒன்று. மற்றொன்றே நம் வீடுகளுக்கு மிக நெருங்கியது. நோயாளிக்குத் தெரியும், உற்றாருக்கும் தெரியும், இருவரும் தெரியாததுபோல் நடித்துக்கொண்டிருப்பர். 'அம்மா, பொங்கலுக்குள் நடந்துவிடுவாய்' என்கிறான் மகன். 'ஆமாம் அப்பா' என்கிறாள் தாய். மகன் கொல்லைப்புறம் சென்று அழுகிறான். தாய் சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறாள். அன்பினால் எழுப்பிய சுவர்தான், ஆனாலும் சுவரே.

இதனால்தான் ஆய்வாளர் பலர் நோயாளியைத் தனியேயும் உடனிருப்பவரைத் தனியேயும் கண்டு பேசுகின்றனர். சேர்ந்திருக்கையில் 'ஒரு குறையும் இல்லை' என்றவர்கள் தனித்திருக்கையில் பேசுகிறார்கள். பிறருக்குப் பாரமாகிவிட்டோமே என்பது நோயாளியின் பேச்சில் அடிக்கடி வரும் சொல். 'என்னை யாரும் கேட்கவில்லை' என்பது உடனிருப்பவர் சொல். தூக்கம் கெட்டு, வேலை இழந்து, தம் உடம்பின் நோவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே செல்லும் அவர்களை மறைந்திருக்கும் இரண்டாம் நோயாளி என்று கூறுவதில் மிகையில்லை. நம் நாட்டில் அவ்விடத்தில் பெரும்பாலும் நிற்பவர் பெண்ணே என்பதும் சொல்லாமலே விளங்கும்.

இனிச் சொல்லப்போவது, மாநிலம் கடந்து வாழும் தமிழரான நம் அனைவரையும் நேரே தொடுவதாகும். ரொனால்டு மெல்சாக் என்ற கனடா அறிஞர் 1975 இல் வலியை விவரிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கினார். வலி வெறும் அளவன்று, அதற்குக் குணம் உண்டு என்பது அதன் அடிப்படை. தமிழருக்கு இது புதிதன்று. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, விண்ணென்று தெறித்தல் என்று நம் பாட்டிமார் வலிக்கு வலி பெயர் வைத்திருக்கின்றனர். எரிச்சல் என்றால் மருத்துவர் நரம்பை நினைப்பார், குடைச்சல் என்றால் எலும்பை நினைப்பார், மருந்தே மாறும். ஆனால் மும்பையிலோ டெல்லியிலோ பெங்களூரிலோ மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் தமிழ்த்தாய்க்கு இச்சொல்வளம் பயன்படுவதில்லை. மகன் மொழிபெயர்க்கிறான், அத்தனை சொற்களும் 'வலிக்கிறதாம்' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிப் போகின்றன.

சுருங்குவதோடு நிற்பதுமில்லை. உண்மையை மறைக்க விரும்பும் மகனே மொழிபெயர்ப்பவனாகவும் இருக்கிறான். மருத்துவர் அந்நிய மொழியில் சொல்லும் கடுஞ்சொல் அவன் நாவில் வந்து இனிப்பாகிவிடுகிறது. தாய் கேட்கும் கேள்வி அவன் நாவிலேயே நின்றுவிடுகிறது. தாய்நாட்டில் இருந்தால் செவிலியிடமோ, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடமோ கேட்டறிய வழியுண்டு. அயல்மொழி நாட்டில் அந்தச் சாளரமும் இல்லை. நடிப்பு என்னும் சுவரும் மொழி என்னும் சுவரும் ஒன்றாகிவிடுகின்றன. எல்லைப்புற ஊர்களில் தாயின் தமிழும் செவிலியின் மலையாளமும் அண்டை வீட்டு மொழிகளாதலால் ஒருவாறு கைகோத்துக்கொள்ளும்; மராத்தியிலும் இந்தியிலும் அதற்கு இடமேது?

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, வீட்டில் நோயுற்றவர் சொல்லும் சொல்லை அவர் சொன்ன வண்ணமே ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டு, அதனை ஒன்றுவிடாமல் மருத்துவரிடம் விளக்குவோம். இரண்டாவது, உறவல்லாத ஒரு தமிழரை மொழிபெயர்ப்புக்கு அழைத்துச் செல்வோம். ஒவ்வொரு நகரத்திலும் தமிழ்ச்சங்கங்கள் உள்ளன. விழாவும் பட்டிமன்றமும் நடத்துகின்றன. இரு மொழி அறிந்த நாலைந்து பேருக்குப் பயிற்சியளித்து மருத்துவமனைகளுக்கு அனுப்புவதும் தமிழ்த்தொண்டே அன்றோ? மூன்றாவது, நோயாளியை நலம் விசாரிக்கச் செல்லும்போது, உடனிருப்பவரைத் தனியே அழைத்து, 'நீ உறங்கினாயா? இரண்டு மணி நேரம் நான் இருக்கிறேன், போய்ப் படுத்துக்கொள்' என்போம். ஆரஞ்சுப் பழத்தினும் அது பெரிய காணிக்கை. நான்காவது, ஆய்வாளர் எவரேனும் முறையாக இசைவு கேட்டு வந்தால், மனமிருந்தால் தயங்காமல் பேசுவோம். நம் மொழியில், நம் சொல்லில் பேசுவோம். அது எழுதப்பட்டால், நாம் அறியாத ஒருவரின் இரவு சற்று எளிதாகும்.

உண்மையை உடைத்துச் சொல்லியே தீரவேண்டும் என்று நாம் கூறவில்லை. அறிய விரும்பாத உரிமையும் நோயாளிக்கு உண்டு. 'உனக்கு என்ன தெரியவேண்டும்?' என்று கேட்பதுதான் நம் கடமை. கேட்டபின் அவர் வாய் திறந்தாலும் நன்று. நம் கையைப் பற்றிக்கொண்டு வாளாவிருந்தாலும் நன்று. அவ்வாறு கேட்கப்படாமல் ஓர் உயிர் நம் வீட்டில் அடங்கிவிடலாகாது.

தனுவச்சபுரத்து ஓட்டு வீட்டுக்கு மீண்டும் செல்வோம். செவிலி வந்திருக்கிறார். புண்ணைத் துடைத்துக் கட்டியாயிற்று. பையை எடுத்துக்கொண்டு புறப்படாமல், கட்டிலோரம் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்கிறார். 'அம்மா, ராத்திரி எப்படி இருந்தது?' என்கிறார். ஏழு என்ற எண்ணுக்குள் இருந்ததெல்லாம் மெல்ல வெளிவருகிறது. தண்ணீர் குடிக்காத செய்தியும் வருகிறது. அடுப்படியில் நிற்கும் மருமகளின் காதில் அது விழுகிறது. அன்றிரவு கட்டிலருகே ஒரு செம்பு நீரும், எழுப்ப ஒரு சிறு மணியும் வைக்கப்படுகின்றன. நோய் தீரவில்லை, ஆனால் இரண்டு பேரின் துன்பம் சிறிது குறைந்தது.

வள்ளுவர் வகுத்த நான்கில் விடுபட்ட இரண்டும் அவ்விடத்தில் வந்து சேர்ந்தன.